மெமோ யாருக்கு?

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விளக்கத்தோடு ஆரம்பித்தால் எனக்குச் சாதகமாகத்தான் சொல்வேன்.

1. போன மாதம், நான் வேலை பார்த்த நிறுவனம் எங்கள் பிரிவை மூடியது. வேலையோடு என் வேலை அனுமதியும் போனது. அதை ஒட்டிக்கொண்டிருந்த என் மகள் தாரிணியின் அனுமதியும் போனது. முப்பது நாள் தங்கலாம் என்று இருவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.

2. பதினேழாம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு நேர்காணல். அதுவரை எனக்குக் கிடைத்த ஒரே நேர்காணல்.

3. ஒன்பது ஐந்துக்கு லிட்டில் இந்தியா ரயில் நிலையத்தில் என் வங்கி அட்டையைத் தட்டினேன். கதவு திறக்கவில்லை. அனுமதி ரத்தானவர்கள் விவரத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று வங்கி அனுப்பிய மின்னஞ்சலை நான் திறக்கவே இல்லை.

4. புது அட்டை வாங்கக் கவுன்டரில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். கைப்பைக்குள் தாரிணியின் பள்ளி அட்டை, மாணவர் கட்டணத்தில் ரயிலேறும் அட்டை, இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நூலகம் போய் வந்தபோது என்னிடம் கொடுத்தது. அதைத் தட்டினேன். கதவு திறந்தது.

5. ஒன்பது நாற்பத்து மூன்றுக்கு ஊரின் கிழக்குப் பக்க நிலையம் ஒன்றில் இறங்கினேன். வெளியேறும்போது நிலைய அதிகாரி நிறுத்தினார்.

6. "இது யாருடைய அட்டை?" என்று கேட்டார். "என் பொண்ணு மாத்தி என் பைல வச்சிட்டா" என்றேன்.

7. அவர் அதை எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அபராதம் கட்டினேன். அட்டையை அவர் வைத்துக்கொண்டார்.

8. பத்து இருபதுக்கு நேர்காணலுக்குள் நுழைந்தேன். "ரயில் தாமதம்" என்றேன்.

9. வியாழக்கிழமை, தாரிணியின் வகுப்பாசிரியை அவளிடம், அட்டையை மாற்றி வைத்தாயா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள்.

ஒன்பது வரிகளில் இரண்டு பொய்கள் என்னுடையவை. மூன்றாவது பொய் அவளுடையது. அவளுக்கும் வயது ஒன்பது.

*

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சொல்லாமல் விட்டால் மேலே உள்ளது பாதி உண்மைதான். நாலரை வருடமாக ரயில் நிலையக் கதவுகளுக்கான மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்க் கதவுகள் அல்ல, வேறு நாட்டு நகரம் ஒன்றுக்கானவை. ஆனால் உலகத்தில் இந்தக் கதவுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள். அட்டையைப் படிப்பது, கட்டணம் கழிப்பது, திறப்பது, மூடுவது. இடையில் மனிதர்கள் என்னென்ன ஏமாற்று வேலை செய்வார்கள் என்று யோசித்துப் பட்டியல் போடுவதுதான் என் வேலை. முன்னால் போகிறவரின் முதுகோடு ஒட்டிப் போவது. இடுப்புயரக் குழந்தையைக் குனியச் சொல்வது. பேருந்தில் இறங்கும் முன்பே தட்டிவிட்டு இரண்டு நிறுத்தம் கூடுதலாகப் போவது.

ஆய்வகத்தில் என் மேசையில் சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையம். அதில் மாணவர் அட்டை, முதியோர் அட்டை, காலாவதியான அட்டை, விரிசல் விட்ட அட்டை என்று பதினாறு அட்டைகள். நாளெல்லாம் யாருடையதாகவோ மாறி மாறித் தட்டிக்கொண்டிருப்பேன். அட்டை யாருடையது என்பது எனக்குப் படிவத்தின் ஒரு கட்டத்துக்குள் நிரப்ப வேண்டிய விவரம், அவ்வளவுதான். அன்று காலை என் கை பைக்குள் போய் தாரிணியின் அட்டையை எடுத்தபோது அதற்கு ஒன்றுமே உறைக்கவில்லை. இதை மன்னிப்பாகச் சொல்லவில்லை. என்னைத் தவிர வேறு யாராவதாக இருந்தால் அட்டையைத் தட்டும் முன் ஒரு வினாடி தயங்கியிருப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

என் பட்டியலில் முப்பத்தொன்றாவது சோதனை இது: சலுகை அட்டை, தகுதியில்லாத பயணி. எதிர்பார்க்கும் விளைவு: கதவு திறக்கும். பச்சை விளக்கோடு மஞ்சளும் எரியும். ஊழியர் பார்த்தால் நிறுத்துவார். பக்கத்தில் நானே ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: "ஊழியர் பார்த்தால் என்பதை ஆய்வகத்தில் சோதிக்க இயலாது."

லிட்டில் இந்தியாவில் மஞ்சள் எரிந்ததை நான் பார்த்தேன். அந்த இடத்திலேயே திரும்பி, கவுன்டரில் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் முப்பத்தைந்து நிமிடம் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். இறங்கியதும் நேராக அதிகாரியிடம் போய், "தப்பான அட்டையைத் தட்டிவிட்டேன்" என்று சொன்னால் கட்டணத்தை வாங்கிக்கொண்டு விட்டிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்த முப்பத்தைந்து நிமிடமும் நான் வேறு கணக்குப் போட்டேன். அதிகாரி வழக்கமாக அகலக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். எனவே கடைசிக் கதவு. தனியாகப் போகக்கூடாது. எனவே ஒரு கூட்டத்துக்கு நடுவில்.

பணம் இல்லாமல் செய்யவில்லை. பையில் பணம் இருந்தது. கவுன்டரில் எனக்கு முன்னால் நின்ற இருவரும் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்கிறவர்கள், சட்டைப் பையில் நிறுவனப் பெயர் இருந்தது. அவர்கள் பொறுமையாக நின்றார்கள். எனக்குத்தான் அவர்களுக்குப் பின்னால் நிற்க ஐந்து நிமிடம் இல்லை.

*

அதிகாரி முதலில் ஆங்கிலத்தில்தான் பேசினார். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"மேடம், படத்துல ரெண்டு சடை போட்டுருக்கு. நீங்க போடலியே."

நான் சிரிக்க முயன்றேன். அவரும் சிரித்தார். ஐம்பது வயதிருக்கும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"மகளா? எத்தன வயசு?"

"ஒன்பது." அப்புறம்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அது தானாக வந்தது. முழுதாக, திருத்தமே தேவைப்படாமல் வந்தது.

"அட, பாவம் லா. சின்னப் பிள்ள விளையாட்டுத்தனமா செஞ்சிருக்கும். என் பேத்தியும் அப்படித்தான். நான் அப்படியே எழுதிடறேன், மேல உள்ளவங்க கொஞ்சம் ஈசியா எடுத்துக்குவாங்க. எங்க போறீங்க?"

"இன்டர்வியூ."

"அப்ப சைன் பண்ணிட்டு ஓடுங்க. குட் லக்."

என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை உண்மை வாயில் வந்திருக்கும். அவர் கருணையோடு எழுதியதில் நான் நன்றியோடு கையெழுத்துப் போட்டேன்.

*

என் அப்பா புதுக்கோட்டையில் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொல்லாமல் தாண்டிப் போகலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

எங்கள் ஊர்ப் பேருந்தில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். கண்டக்டர் முன்னால் போய்க் கேட்டால் பெண்கள், "பின்னாடி எடுப்பாங்க" என்பார்கள். பின்னால் வந்து கேட்டால் ஆண்கள், "முன்னாடி எடுத்துட்டாங்களே" என்பார்கள். கூட்டத்தில் யார் எந்தக் குடும்பம் என்று கண்டக்டருக்குத் தெரியாது. பாதி நேரம் உண்மையிலேயே மறதி. மீதி நேரம் மறதி மாதிரி. நீங்கள் எல்லோரும் ஒரு முறையாவது சொல்லியிருப்பீர்கள்.

நான் ஆறாவது படிக்கும்போது, அப்பாவின் வண்டியில் திருமயம் தாண்டிச் செக்கிங் ஏறியது. ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நாலு பேரிடம் டிக்கெட் இல்லை. பெண்கள் பின்னால் கையைக் காட்டினார்கள், ஆண்கள் முன்னால் காட்டினார்கள். அங்கே மாட்டினால் பயணி அபராதம் கட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விடுவார். வண்டியில் டிக்கெட் இல்லாத ஆள் இருந்ததற்குக் கண்டக்டர்தான் பதில் எழுத வேண்டும். அப்பாவுக்கு மெமோ வந்தது, பிறகு பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அந்தப் பதினைந்து நாளும் அவர் விடியும் முன்பே எழுந்து, குளித்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். அப்புறம் அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வீட்டில் யாரும் அந்த ஆணிப்பக்கம் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அவரைக் கூப்பிட்டேன். நேர்காணல் எப்படிப் போனது என்று சொல்ல ஆரம்பித்து, அட்டை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

"இங்க உங்கம்மா ஓசி பஸ்ஸுல வாரத்துக்கு மூணு தரம் டவுனுக்குப் போயிட்டு வர்றா. நீ அங்க போயி மாட்டிக்கிட்டியாத்தா?" என்று சிரித்தார். "அந்த ஓசிக்கும் டிக்கெட்டு கிழிக்கணும், தெரியும்ல? கிழிக்காட்டி அதுக்கும் கண்டக்டருக்குத்தான் மெமோ வைப்பான்."

"தெரியும்ப்பா."

"சரி, அங்க கண்டக்டரு என்ன சொன்னாரு?"

"கண்டக்டரே கிடையாதுப்பா. மெஷின். ஸ்டேஷன்ல ஒருத்தர் பாத்துட்டாரு."

"அப்ப மெமோ யாருக்கு?"

"யாருக்கும் இல்லப்பா. ஃபைன் கட்டிட்டேன், முடிஞ்சுது."

"யாருக்கும் இல்லைன்னாச் சரி. விட்டுத் தள்ளு," என்றார். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது அவர் குரல்.

எனக்கும் நிம்மதியாக இருந்தது. கட்டண ஏய்ப்பைப் பற்றி அலுவலகத்தில் எவ்வளவோ பேசியிருக்கிறோம். ஒருவர் கட்டாவிட்டாலும் ரயில் ஓடத்தான் செய்யும், யாருக்கு நஷ்டம் என்பார் ஒருவர். எல்லோரும் அப்படி நினைத்தால் என்பார் இன்னொருவர். இரண்டுமே எனக்குக் கணக்காகத்தான் தெரிந்தது. முகம் இல்லாத நஷ்டம். அப்பாவின் வண்டியில் நஷ்டத்துக்கு ஒரு காக்கிச் சட்டை இருந்தது. இங்கே இல்லை என்று செவ்வாய்க்கிழமை இரவு நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

*

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்த தாரிணியின் சட்டையில் வகுப்பு மானிட்டர் பேட்ஜ் இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"பேட்ஜ் எங்க?"

"மிஸ் எடுத்துட்டாங்க. இட்ஸ் ஓகே."

புது அட்டைக்குப் பள்ளி அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நிலையத்தில் கொடுத்த சீட்டை நான்தான் புதன்கிழமை அவள் கோப்பில் வைத்து அனுப்பினேன். காரணம் என்ற இடத்தில் அதிகாரியின் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. அதைப் படித்துப் பார்க்காமலா அனுப்பினேன்? படித்தேன். பள்ளியில் யார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

"மிஸ் கேட்டாங்க, டிட் யூ சுவாப் த கார்ட்ஸ்னு."

"நீ என்ன சொன்ன?"

"யெஸ்னு சொன்னேன்."

"ஏன் தாரிணி? நீ செய்யலியே."

அவள் பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். நான் கேட்டது தேவையில்லாத கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள்.

"நீங்க சைன் பண்ணிருக்கீங்கம்மா. நான் நோன்னு சொன்னா தே வில் திங்க் நீங்க லையர்னு. அப்புறம் நமக்கு இங்க இருக்கப் பாஸ் கிடைக்காது. தர்ட்டீன்த் டே அன்னிக்கு வீட்டுக்கார அக்காகிட்ட நீங்கதானே சொன்னீங்க, ஒரு சின்ன பிராப்ளம் வந்தாலும் பாஸ் கிடைக்காதுன்னு?"

அவள் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாலையில் ஒரு காரும் இல்லாதபோதும் சிக்னலில் பச்சை மனிதன் வரும்வரை என் கையைப் பிடித்து நிறுத்துகிற பிள்ளை இவள். நாலு வயதில் இங்கே வந்தாள். தமிழைவிட இந்த ஊரின் விதிகளை நன்றாகப் படித்தாள். போன வருடம் நான் பேருந்தில் இரண்டு நிறுத்தம் முன்னால் தட்டுவது பற்றி வேலை விஷயமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, "கேனாட்ம்மா, தட்ஸ் ஸ்டீலிங்" என்று குறுக்கே வந்தவள். அவளை என்னிடமிருந்து தூரமாகக் கொண்டுபோகிறது என்று நான் குறைப்பட்ட விஷயமே இந்த விதிப் பற்றுதான். அதை அவள் எனக்காக ஒரே வார்த்தையில் விட்டுவிட்டாள். "முன்னாடி எடுத்துட்டாங்க" என்று நான் கையைக் காட்டிய இடத்தில் அவள் எழுந்து நின்று, ஆமாம், நான்தான் என்றிருக்கிறாள்.

*

ரோவல் ரோடு பக்கம் எங்களுக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் அக்கா இந்த ஊர்க்காரர். சனிக்கிழமை காலை அவரிடம், நிலையத்துக்குப் போய் வாக்குமூலத்தைத் திருத்தி எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா? ஃபைன் கட்டியாச்சு, முடிஞ்சு போச்சு லா. நீயா போயி, நான் பொய் சொன்னேன்னு எழுதிக் குடுப்பியா? அதுவும் இப்பவா?"

"அவ பேட்ஜ எடுத்துட்டாங்கக்கா."

"பேட்ஜ் அடுத்த வருஷம் கிடைக்கும். பாஸ் கிடைக்குமா? மொதல்ல வேலைய வாங்கு, அப்புறம் அரிச்சந்திரன் ஆவு."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. வேலை கிடைத்தால் நிறுவனம் அனுமதிக்கு விண்ணப்பிக்கும். அதில் உறுதிமொழிக் கேள்விகள் இருக்கும். எழுத்தில் பொய் வாக்குமூலம் கொடுத்தேன் என்று நானே எழுதிய தாள் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், அந்தக் கேள்விகளுக்குள் அது வருமா, எனக்குத் தெரியாது. தெரிந்தால் பட்டியல் போடுவேன். தெரியாததற்குப் பட்டியல் இல்லை.

ஊருக்குத் திரும்பினால் பட்டினி இல்லை. அப்பா வீடு இருக்கிறது. ஆனால் நானும் தாரிணியின் அப்பாவும் பிரிந்து மூன்று வருடமாகிறது. நான் இங்கே வேலையில் இருப்பதால்தான் பிள்ளை என்னோடு இருக்கட்டும் என்று அவர் வீட்டார் விட்டிருக்கிறார்கள். விமானம் இறங்கிய வாரமே அந்தப் பேச்சு மறுபடி எழும். அவளை எங்கே வளர்ப்பது, யார் வளர்ப்பது. நான் கடிதம் கொடுத்தால் அவளையே இழக்கலாம். கொடுக்காவிட்டால், தன் அம்மா தன் பெயரைச் சொல்லித் தப்பித்தாள் என்று தெரிந்த பிள்ளையோடு இருப்பேன். இரண்டு நாள் அந்தக் கடிதத்தை எழுதி எழுதி அழித்தேன். ஆறு வரிக் கடிதம்.

திங்கட்கிழமை, இருபத்து மூன்றாம் நாள், கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே அதிகாரி இருந்தார். படித்தார். மறுபடி படித்தார்.

"இது தேவையே இல்ல மேடம்."

"தெரியும். வாங்கிட்டதுக்கு ஒரு ஸ்டாம்ப் போட்டுக் குடுங்க."

"நான் உங்களுக்கு ஹெல்ப் பண்ணத்தான் அப்படி எழுதினேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் மோசம். "இப்ப ஏன் செக் பண்ணாம எழுதினேன்னு நான் மேல ரிப்போர்ட் குடுக்கணும்."

கண்டக்டரே இல்லை என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முத்திரை குத்தினார். "இன்டர்வியூ என்னாச்சு?" என்று கேட்டார். இன்னும் தெரியவில்லை என்றேன். இந்த முறை அவர் குட் லக் சொல்லவில்லை.

நகலைப் பள்ளியில் கொடுத்தேன். ஆசிரியை நன்றி சொன்னார். அப்புறம் தயங்கி, அப்படியானால் தாரிணி தன்னிடம் உண்மை சொல்லவில்லை, அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டியிருக்கும் என்றார். பேசினார். அட்டையை மாற்றியவள் என்ற பெயர் போய், ஆசிரியையிடம் பொய் சொன்னவள் என்ற பெயர் வந்தது.

அன்று மாலை தாரிணி பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். உங்களுக்காக. நீங்க போயி அதையும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க."

"உன் மேல பழி இருக்கக் கூடாதுன்னுதான்..."

"நான் கேட்டேனா? ஐ ஆல்ரெடி டுக் இட். நீங்க என்னக் கேக்கவே இல்ல. ரெண்டு தடவையும் கேக்கல."

முதல் தடவை நிலையத்தில் அதிகாரியிடம், இரண்டாவது தடவை இந்தக் கடிதத்தில்.

*

இன்று இருபத்தாறாம் நாள். நிலவரம் இது.

நேர்காணல் செய்த நிறுவனம் என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, நேற்று அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டது. முடிவு வரவில்லை. ஒரு நாளிலும் வரலாம், மூன்று வாரமும் ஆகலாம். இருப்பது நாலு நாள். திருச்சிக்கு இரண்டு விமானச் சீட்டு போட்டு வைத்திருக்கிறேன்.

ரயில் தாமதம் என்று அவர்களிடம் சொன்னதை நான் இன்னும் திருத்தவில்லை.

கடிதத்துக்கு நிலையத்திலிருந்து பதில் இல்லை. அந்த அதிகாரிக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. நேற்று அந்த வழியாகப் போனபோது வேறொருவர் நின்றார். விடுமுறையாகவும் இருக்கலாம்.

பேட்ஜ் இந்தப் பருவம் முடியும்வரை கிடையாது. புதுப் பள்ளி அட்டையும் வரவில்லை. அதுவரைக்கும் தாரிணிக்கு ஒரு சாதாரண அட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பெரியவர்களுக்கான கட்டணம் கழிகிறது. அவள் அதை என் பையில் வைப்பதில்லை, கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள்.

எனக்கும் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். ரயிலில் போகும்போது அவள் எனக்கு முன்னால் போகிறாள். தன் அட்டையைத் தட்டி, கதவைத் தாண்டி, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறாள். நான் என்னுடையதைத் தட்டும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்று பார்க்கிறாள்.